சாந்தோம் கல்லறையும் ஒரு குர்ஆனியச் சொல்லும்

இயேசுவின் சீடர் ஒருவரின் கல்லறை மீது எழுப்பப்பட்டதாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் தேவாலயம் ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னை, மயிலாப்பூர்க் கடற்கரையோரத்திலுள்ள சாந்தோம் பேராலயமே அதுவாகும்.

நாம் ஈஸா நபி (அலை) என அழைப்பவரின் பன்னிரு சீடர்களுள் ஒருவர் தோமா. அவர் கி.பி. 52இல் கேரளக் கரைக்கு வந்தார், 72இல் மயிலாப்பூருக்கு அண்மையில் கொல்லப்பட்டார், அங்கேயே அடக்கப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அக்காலக் கல்வெட்டு எதுவும் இதற்குச் சான்றாக இல்லை. எனினும் பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர் அங்கு வந்தமைக்குச் சான்றுகள் உள்ளன. மரபையும் சான்றையும் பிரித்தறிவது வரலாறு பயிலும் எமக்கு அவசியம்.

போர்த்துக்கேயர் 1523இல் கல்லறை மீது தேவாலயம் கட்டினர். இன்றுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1896இல் நிறைவடைந்தது. அதன் இரு கோபுரங்களுள் ஒன்று கல்லறைக்கு நேர் மேலே நிற்கின்றது. 1956இல் அது பசிலிக்கா எனும் சிறப்பைப் பெற்றது.

இவற்றை விட என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இக்கல்லறைக்குக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் யாத்திரை வந்ததாக எழுதியுள்ளார். முஸ்லிம்கள் தோமாவை ‘அவரியன்’ என அழைத்தனராம். இது ‘ஹவாரி’ எனும் அரபுச் சொல்லின் திரிபாகலாம் என்பது அறிஞர் கருத்து. ஈஸா நபியின் சீடர்களை அல்குர்ஆன் ‘ஹவாரிய்யூன்’ என்றே அழைக்கின்றது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 52ஆம் வசனத்தில் அச்சொல்லைக் காணலாம்.

வணக்கம் அல்லாஹ்வுக்கு மாத்திரமே உரியது. கப்றிடம் பிரார்த்திப்பது எமது கொள்கையன்று. ஆனால் வணக்கம் வேறு, கண்ணியம் வேறு. பள்ளிவாசல்களோடு மடங்களையும் தேவாலயங்களையும் சேர்த்தே சூரா ஹஜ்ஜின் 40ஆம் வசனம் குறிப்பிடுகின்றது.

நான் வாழும் பெரகலவைச் சூழவுள்ள தோட்டங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் எமது அயலவர்கள். அத்தோட்ட மக்களின் மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்கள் தாக்கப்பட்டபோது நான் சிறுமி. அதன் பின்னர், கிறிஸ்தவ வீடுகளுக்குச் செல்லவே எம் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினர். அவர்களும் எம்மைக் கண்டு தயங்கினர். அந்தத் தயக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே கல்லறையருகே இரு சமூகத்தாரும் நின்றிருக்கின்றனர் என்பதை அறியும்போது அத்தயக்கம் புதியது, பழையதன்று எனத் தெரிகின்றது. தோழிகளே, அடுத்த முறை கிறிஸ்தவத் தோழியைக் காணும்போது தோமாவைப் பற்றி அவளிடம் கேளுங்கள். ‘ஹவாரி’ எனும் சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.