படம் எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு

வேலை பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கமரா வாங்கலாம் என்றுதான். அதற்குப் பதில் சுருக்கம்: பழையதானாலும் நல்ல நிலையில் உள்ள கமரா இரண்டு, 24-70, 70-200 லென்ஸ்கள், இருட்டுக்கு ஒரு 35 அல்லது 50, இரண்டு ஃப்ளாஷ். மற்றதெல்லாம் கடையில் விற்காத சாமான். வத்தளையில் இருந்துகொண்டு சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கு ஞாயிறு வெள்ளவத்தையில் தாலிகட்டு, செவ்வாய் கொட்டாஞ்சேனையில் சேர்ச், வெள்ளி செட்டியார் தெருவில் நகைப் படம், இடையில் யாராவது செத்தால் அதுவும். இலக்கம் போட்டுத்தான் சொல்கிறேன், ஆனால் வரிசைக்கு அர்த்தம் தேடாதீர்கள். நினைவு வந்தபடி எழுதியது.

1. கமராவுக்கு முதல் சடங்கைப் படியுங்கள். அடுத்தது என்ன நடக்கும் என்று தெரிந்தவன்தான் எங்கள் தொழிலில் பிழைப்பான். இந்துக் கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு போவார், உங்களுக்காக நிற்க மாட்டார். தாரை வார்த்ததும் கூறை கொடுப்பார்கள். பெண் கூறை மாற்றப் போவாள். புதுப் பொடியன்கள் அந்த இடைவெளியில் தேத்தண்ணிக்குப் போய்விடுவார்கள். தாலித் தட்டு சபைக்கு வருவது அப்போதுதான். தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற அப்பம்மாவின் கை, மணவறையில் தனியே இருந்து தோழனிடம் ஏதோ குசுகுசுக்கும் மாப்பிள்ளை, புகைக்குக் கண்ணைத் துடைக்கிற பெண்ணின் தகப்பன். அல்பத்தில் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பப் பார்க்கிற பக்கம் இவற்றிலிருந்துதான் வரும். பெண் திரும்பி வந்து இருந்தால் முகூர்த்தம் கிட்டிவிட்டது. கெட்டிமேளம் தொடங்கிய பிறகு இடம் தேடினால் மாமாமாரின் முதுகும் உயர்த்திப் பிடித்த போன்களும்தான் கிடைக்கும். சடங்கு தொடங்க முதலே ஐயரிடம் போய், "ஐயா, தாலி கட்டேக்க நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?" என்று கேளுங்கள். கேட்டவனுக்காக அவரே ஆட்களை விலத்திவிடுவார். கேட்காதவனைச் சபைக்கு முன்னால் ஏசவும் செய்வார், அதுவும் நியாயம்தான்.

2. எங்கள் பக்கத்தில் ஒரு சமயத்தின் ஒழுங்கு மட்டும் தெரிந்தால் போதாது. கத்தோலிக்கத் திருமணத்தில் மோதிரமும் உண்டு, பல தமிழ்க் குடும்பங்களில் தாலியும் உண்டு. எது முதலில் என்று பாதரிடம் கேட்டு வையுங்கள். பீடத்துப் படி ஏறாதீர்கள். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது மணி அடித்தால் உங்கள் விரல் சும்மா இருக்கட்டும். சிங்களக் கல்யாணத்தில் போருவை மேடையில் ஏறுவது, இறங்குவது எல்லாம் சுபநேரக் கணக்கு. இரண்டு சுண்டுவிரலையும் நூலால் சேர்த்துக் கட்டித் தண்ணீர் வார்க்கிற காட்சி விநாடிக் கணக்கில் முடியும். அந்த நேரம் ஜயமங்கல காதா பாடுகிற சிறுமிகளுக்கு லென்ஸைத் திருப்பியிருந்தால் உங்கள் பாடு அவ்வளவுதான். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். தங்கச்சிமாரே, இந்தத் தொழில் பெண்பிள்ளைக்குச் சரிவராது என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள். தேடுகிற ஆட்கள் நிறைய, செய்கிற ஆட்கள் குறைவு.

3. பாலத்தை நம்பாதீர்கள். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்த பிறகு கொஞ்சம் சுகம், உண்மைதான். ஆனாலும் காலை எட்டு மணிக்குப் பேலியகொடையில் அகப்பட்டால் முகூர்த்தம் உங்களுக்காகக் காத்திராது. வாகனம் இல்லாத ஆரம்ப காலத்தில் 240 பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து 100 அல்லது 101-இல் காலி வீதி வழியே வெள்ளவத்தை. விடியமுதல் வெளிக்கிட்டால் இருக்கவும் இடம் கிடைக்கும். கமராப் பையை மடியில் வையுங்கள், மேல்தட்டில் வேண்டாம்.

4. மண்டப வெளிச்சத்தோடு சண்டை பிடிக்காமல் அதைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவு எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 தரம் மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/100-க்கு மேலே ஏற்றினால், அதுவும் சத்தமில்லாத ஷட்டர் என்றால், மணப்பெண்ணின் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பின்னால் வைக்கிற பெரிய எல்.இ.டி. திரைக்கு வேறு கணக்கு, போய் நின்று சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பரத நாட்டிய அரங்கேற்றத்தில் இது நேரடியாகத் தொண்டையைப் பிடிக்கும். ஃப்ளாஷ் அடிக்க முடியாது. பிள்ளை சுழன்றாடுகிறாள். 1/100-இல் கை கால் எல்லாம் இழுபடும். அப்போது உங்களுக்கு உதவுவது தாளம்தான். தீர்மானம் முடிந்து பிள்ளை ஒரு நிலையில் நிற்கிற கணம் இருக்கிறதே, கால் தரையில், கண் முத்திரையில், ஒரு இமைப்பொழுது உடம்பு அசையாது. நட்டுவாங்கத் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தால் அது வருவது முன்கூட்டியே தெரியும். பார்த்துவிட்டு அமத்தினால் பிந்திவிடும், எண்ணி அமத்த வேண்டும். வர்ணத்தில் இப்படி எத்தனையோ சந்தர்ப்பம் கிடைக்கும், தில்லானாவில் குறைவு. ஒத்திகைக்கு ஒருநாள் போய் இருங்கள், காசு கேட்காதீர்கள். செம்பஞ்சு பூசிய விரல் நுனியும் பாதமும் வெட்டுப்படாமல் சட்டம் பிடியுங்கள். குருமார் முதலில் பார்ப்பது அதைத்தான். முகம் வடிவாக வந்திருக்கிறதா என்பது தாய்மாரின் கவலை.

5. சாமத்திய வீட்டுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. வயிறு நோகும், தலையில் பாரம், மேக்கப் கடிக்கும், முன்னால் முந்நூறு பேர். இதற்குள் சினிமாக் கதாநாயகி மாதிரி இடுப்பை வளை, கண்ணடி என்று சொல்கிற படக்காரர்களை எனக்கு அறவே பிடிக்காது. தாய்தகப்பன் கேட்டாலும் "பிள்ளைக்குச் சரிவராது" என்று சொல்லப் பழகுங்கள். தோழிகளோடு சிரிக்க விட்டு எடுங்கள். ஊஞ்சல், குதிரை வண்டி, புகை எல்லாம் வீட்டுக்காரர் விருப்பம், செய்யட்டும். ஆனால் உங்கள் விளம்பரப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் படத்தைப் போடாதீர்கள். வளர்ந்து பெரிய ஆளானதும் அவளே தன் படத்தைப் பற்றி முடிவெடுக்கட்டும்.

6. செத்த வீட்டு அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள். பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், விசா கிடைக்காமலோ விமானம் பிடிக்க நேரம் போதாமலோ போனில் இருந்து அழுகிறார்கள். அவர்களுக்காகத்தான் நேரலை. முக்காலியை ஒரு மூலையில் அகலமாகப் போட்டு, பெட்டியும் வந்து போகிற ஆட்களும் தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். அழுகிறவர்களின் முகத்துக்குக் கிட்டப் போக வேண்டாம். ஒப்பாரி சொல்கிற கிழவி உங்கள் படத்துக்காகச் சொல்லவில்லை. கனத்தைக்குப் போகிற நேரம் இணைய இணைப்பு அறும், இரண்டு கம்பனி சிம் வைத்திருங்கள். சுண்ணம் இடித்துப் பாடும்போது கிட்டத்தில் ஒரு மைக் இருந்தால் போதும், தூரத்துப் பிள்ளைக்கு அந்தப் பாட்டுக் கேட்க வேண்டும். விலை பேசும்போது குறைத்துப் பேசுங்கள், ஆனால் சும்மா செய்யாதீர்கள். சும்மா செய்தால் கடமைப்பட்டோம் என்று அவர்களுக்குச் சங்கடம்.

7. நகைப் படம்: தங்கம் சுற்றியுள்ள எல்லாவற்றையும் காட்டும், உங்கள் மூக்கையும். வெள்ளைத் துணிக் கூடாரம், கறுப்பு அட்டை, முக்காலி, பொறுமை. கடைக்காரர் பக்கத்தில் நிற்கட்டும். நகையை நீங்கள் கையால் தொடவே வேண்டாம், எடுப்பதும் வைப்பதும் அவர் ஆள். கடைசியில் எண்ணி ஒப்படைக்கிற வேலையும் அவரது.

8. வெள்ளவத்தைக் கடற்கரையும் ஹெந்தளைக் கடற்கரையும் ப்ரீ-ஷூட்டுக்கு வடிவான இடங்கள், கமராவுக்கு எமன். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து கடற்காற்றுக்கு வந்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். உப்பைத் துடைக்காமல் நித்திரைக்குப் போகாதீர்கள். லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது எங்கள் ஈரப்பதத்தில் சில மாத வேலை. உலர்பெட்டி வாங்கக் காசில்லாவிட்டால் இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும்.

9. கோயிலில் ஆண்பிள்ளைகள் மேற்சட்டை கழற்ற வேண்டிவரும், வியர்த்த தோளில் கமரா வார் வழுக்கும். துணி வார் ஒன்று வைத்திருங்கள். மூலஸ்தானத்தைப் படம் பிடிக்கக் கேட்கவே வேண்டாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பெரிய பையோடு போகிறவனைச் சோதிக்காமல் விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. யூன் 13 திருநாளுக்கு வேலை எடுத்தால் பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, நேரத்தோடு போய், பையை நீங்களே திறந்து காட்டுங்கள். அதே குண்டுவெடிப்புக்குப் பிறகுதான் நாடு முழுக்க ட்ரோனையும் தடைசெய்தார்கள். இப்போதும் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

10. படத்தில் உள்ளவர்களின் பெயரை எழுதி வையுங்கள். யூலியா மார்கரெட் கமரன் என்ற பெரிய படக்காரி 1875-இல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார், 1879-இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டெனிசனுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே அவர் முன் நின்ற தோட்டத்து ஆட்களுக்குப் பெயர் இல்லை. 'இலங்கைப் பெண்', 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற மாதிரித்தான் தலைப்பு. அதில் நிற்பது யாருடைய பூட்டி என்று இன்றைக்கு யார் சொல்வது? குடும்பப் படம் எடுத்தால் இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிரிப்பார்கள். முப்பது வருஷம் கழித்துத் தேடி வருவார்கள்.

11. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிற கமராதான் கல்யாணத்துக்கு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கொழும்பின் லயனல் வென்ட் 1944-இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பது அவர் அச்சிட்டு வைத்த பிரதிகளை. அது ஒரு கலைஞனின் கதை. 83 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் வத்தளையிலும் வீடு எரிந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். கதிரை, மேசை, பிரிட்ஜ் எல்லாம் திரும்பவும் வாங்கினார்கள். கல்யாண அல்பத்தை வாங்க முடியவில்லை. அதனால் வாடிக்கையாளருக்கு நான் எப்போதும் இரண்டு பிரதி கொடுப்பேன், ஒன்றை வெளிநாட்டுச் சொந்தத்துக்கு அனுப்பச் சொல்லி.

12. காசு. பாதி முற்பணம் வராமல் திகதி எழுதாதீர்கள், சொந்த மச்சானுக்கும் இதே சட்டம். எத்தனை மணித்தியாலம், எத்தனை படம், அல்பம் எத்தனை பக்கம், ஹோம்கமிங் இதில் அடக்கமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் ஒப்பமிடுங்கள். விலைக்குப் பக்கத்தில் அது எந்தத் திகதி வரை செல்லும் என்றும் எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 350-ஐத் தாண்டிவிட்டது. அல்பத் தாள், மை, பற்றரி எல்லாம் இறக்குமதி. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் கைக்காசு போட்டுத்தான் அல்பம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வெளிநாடு என்றால் கல்யாணம் முடிந்து ஒரு கிழமையில் பறந்துவிடுவார். அல்பத்துக்குப் படம் தெரிவதும் மீதிக் காசும் அதற்கு முன் முடிய வேண்டும். கட்டுநாயக்கா போகிற வழிதானே, வத்தளையில் இறங்கித் தந்துவிட்டுப் போகிறோம் என்பார்கள். அதிவேகப் பாதையால் போகிறவர்கள் வத்தளையில் இறங்க மாட்டார்கள். முதல்நாளே நீங்கள் வெள்ளவத்தைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.