ஃபேன் சுற்றுது, திரை வரலை!

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிசைன் வேலைக்காகப் பழைய கம்ப்யூட்டரில் 8 ஜிபி ரேமும் கிராபிக்ஸ் கார்டும் புதிதாகப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?
- வாசகர், காட்டுமன்னார்கோயில்

பதில்: அதற்குள் போர்டுக்குப் பால் ஊற்றிவிடாதீர்கள். முதலில், மானிட்டர் ஒயர் புதுக் கார்டில் செருகியிருக்கிறதா? பழைய இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும்.

அது சரி என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, புதிதாகப் போட்ட இரண்டையும் கழற்றுங்கள். பழையபடி ஓடினால் போர்டு நலம். அடுத்து புது ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்த வேண்டும், உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். பழைய ரேமின் பொன்னிறப் பட்டைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். தனித்தனியே ஓடி, சேர்த்துப் போட்டால் மக்கர் செய்கிறதா? ஜோடி ஒத்துப்போகவில்லை, கடையில் மாற்றிக் கேளுங்கள்.

கடைசியாகக் கார்டு. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் தனியாக வர வேண்டும். மலிவு கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், அதில் ஒட்டியிருக்கும் ‘450 வாட்’ ஸ்டிக்கரை நான் நம்பமாட்டேன். சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.