அனுப்பியாச்சு, சரி… வேலை செய்யுதா?



போன மாதக் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். "அண்ணா, லாயாங் லாயாங் மாதிரி சின்ன ஊர்ல இருக்கிற நாம, வெளிநாட்டுல கஷ்டப்படுறவங்களுக்கு என்ன பெருசா செஞ்சிட முடியும்? அதுக்கெல்லாம் பெரிய அமைப்பு வேணுமே?" என்று கேட்டார். முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியாத கேள்வி இது. கோவிட் காலத்தில் நடந்த சிலவற்றை எடுத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

1991இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சில இந்திய மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் ‘அசோசியேஷன் ஃபார் இந்தியாஸ் டெவலப்மெண்ட்’, சுருக்கமாக எய்ட். ஆரம்பித்தவர் ரவி குச்சிமஞ்சி. ஐஐடி மும்பையில் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மேரிலாந்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஷாருக் கான் நடித்த ‘ஸ்வதேஸ்’ படம் பார்த்திருப்பீர்கள். அதில் கிராமத்துக்கு மின்சாரம் கொண்டு வரும் காட்சிக்கு, மகாராஷ்டிராவின் பில்காவ்ன் கிராமத்தில் எய்ட் துணையோடு நடந்த சிறு நீர்மின் திட்டம்தான் தூண்டுதல் என்பார்கள். (இன்ஜினியரிங் மாணவர்கள் எல்லாரும் இந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பாட்டுக்காக இல்லை!)

வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் சனி ஞாயிறுகளில் கூடி நடத்தும் தொண்டர் சங்கம் அது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு இந்தியாவில் ஊரடங்கு அறிவித்தார்கள். நள்ளிரவே அமலுக்கு வந்துவிட்டது. நடுவில் இருந்தது நாலு மணி நேரம்தான். ஊர் விட்டு ஊர் வந்து கூலி வேலை பார்த்தவர்கள் வேலையும் இல்லாமல், பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் நடுவழியில் நின்றார்கள். அமெரிக்காவில் இருக்கிற ஒரு சங்கத்தால் அப்போது என்ன செய்ய முடியும்? விமானமே பறக்கவில்லை. பணம் அனுப்பலாம், போன் பண்ணலாம், அவ்வளவுதான்.

அந்தப் போனை எடுப்பதற்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பல வருஷமாகப் பள்ளிக்கூடம், விவசாயம், பெண்கள் குழு என்று இந்தியக் கிராமங்களில் வேலை செய்யும் சின்னச் சின்ன அமைப்புகளோடு இந்தச் சங்கத்துக்குப் பழக்கம் உண்டு. எந்தத் தெருவில் யார் பட்டினி என்று அவர்களுக்குத் தெரியும். அரிசி, பருப்பு, எண்ணெய் எந்தக் கடையில் வாங்கலாம், எந்த அதிகாரியிடம் பாஸ் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். கஷ்டம் வந்த பிறகு நம்பகமான ஆளைத் தேட ஆரம்பித்திருந்தால் ஊரடங்கே முடிந்து போயிருக்கும்.

அடுத்த வருஷம் வந்தது வேறு மாதிரியான சோதனை. 2021 மே மாதத் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரே நாளில் பதிவான தொற்று 4 லட்சத்தைத் தாண்டியது. ஆக்சிஜன் இல்லை என்ற கூக்குரல் எல்லாப் பக்கமும். சிங்கப்பூர் அரசு ஏப்ரல் 28 அன்று இரண்டு சி-130 விமானங்களில் 256 ஆக்சிஜன் சிலிண்டர்களை அனுப்பியது. ட்விட்டர் நிறுவனர் ஜாக் டோர்சி 15 மில்லியன் டாலர் கொடுத்தார். கேர் அமைப்புக்கு 10 மில்லியன், எய்டுக்கும் சேவா இண்டர்நேஷனலுக்கும் ஆளுக்கு 2.5 மில்லியன். சின்னச் சங்கத்துக்கு ஒரே நாளில் அவ்வளவு பணம் வந்தால் சந்தோஷமும் இருக்கும், பயமும் இருக்கும். உலகம் முழுக்க இருந்த தமிழர்களும் மற்ற இந்தியர்களும் அந்த மாதம் அனுப்ப நினைத்தது ஒரே பொருளைத்தான்: ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் மேலே பேசுவது புரியும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். மெஷினுக்குள் சியோலைட் என்ற மணிகள் நிரப்பிய இரண்டு குழாய்கள் இருக்கும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி முதல் குழாய்க்குள் தள்ளும்போது சியோலைட் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் மட்டும் தாண்டிப் போகும். அந்தக் குழாய் நிறைந்ததும் காற்று இரண்டாவது குழாய்க்கு மாறும். முதல் குழாயில் அழுத்தம் குறைந்து, பிடித்திருந்த நைட்ரஜன் வெளியே போய்விடும். இப்படி மாறி மாறி நடக்கும். மெஷின் பக்கத்தில் நின்றால் சில விநாடிக்கு ஒரு தடவை ‘புஸ்… புஸ்…’ என்று கேட்பது அந்த மாற்றத்தின் சத்தம்தான். கிடைக்கும் ஆக்சிஜனின் தூய்மை சுமார் 90 முதல் 95 சதவீதம். ஆர்கானை சியோலைட் பிரிக்காது என்பதால் அதற்கு மேல் போகாது. நோயாளிக்கு அது போதும்.

சிலிண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவில் ஜம்போ என்று சொல்லும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் 1,400 நிமிஷம், அதாவது ஒரு நாள் கூட முழுசா வராது. பிறகு நிரப்ப அனுப்பணும், லோரி வேணும், வரிசையில் நிற்கணும். கான்சென்ட்ரேட்டருக்கு அந்தத் தலைவலி இல்லை. காற்று எங்கேயும் இருக்கு.

ஆனால் கரண்ட் எங்கேயும் இருக்கா? 5 லிட்டர் மெஷின் ஒன்றுக்கு ஏறக்குறைய 350 வாட் வேண்டும். 24 மணி நேரம் ஓடினால் 8.4 யூனிட். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்து மெஷினை ஒரே வயரிங்கில் சொருகினால் என்ன ஆகும் என்று மின்பொறியியல் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவர் கட் ஆனால் ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். இன்னொன்று: அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே கடையில் கிடைப்பதை ஆசையாக வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினால் இங்கே நேரடியாகச் சொருக முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, கம்ப்ரஸர் மெதுவாகத்தான் சுற்றும். நம்ம நாட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கிருந்து அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

இதோடு, தூசி ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். ஈரம் பட்டால் சியோலைட் கெட்டுவிடும். நம்ம ஊர் மாதிரி புழுக்கமான இடத்தில் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தால், மெஷின் ஓடும், விளக்கு எரியும், புஸ் புஸ் என்று சத்தமும் வரும். ஆனால் வருவது வெறும் காற்றாக இருக்கலாம்! தூய்மையை அளக்கும் சென்சார் இல்லாத மெஷினில் இது யாருக்கும் தெரியாது. தீவிர சிகிச்சையில் இருக்கிறவருக்கு நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரைகூடத் தேவைப்படும். அவருக்கு இந்த மெஷின் உதவாது. மிதமான பாதிப்பு உள்ளவரை, நிலைமை மோசமாகாமல் தாங்கிப் பிடிக்கத்தான் இது.

ஆகவே, ஒரு சின்னச் சங்கம் ‘100 மெஷின் அனுப்பினோம்’ என்று போஸ்டர் போட்டால் எனக்கு உடனே கைதட்டத் தோன்றாது. யார் பொருத்தினார்கள், நர்ஸுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஃபில்டர் எங்கே வாங்குவார்கள் என்றுதான் கேட்பேன். அந்தப் பக்கம் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிற சங்கம், மெஷின் வாங்கும் முன்பே "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டிருக்கும். சில இடத்தில் பதில் மெஷினாக இருக்கும். சில இடத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இன்னொரு இடத்தில் வெறும் அரிசி.

சட்டம் என்று ஒரு தடையும் உண்டு. 2020 செப்டம்பரில் இந்தியா தனது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. புது தில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு திறக்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. கணக்கு வழக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் தெருவைத் தெரிந்து வைத்திருக்கும் கிராமத்து அமைப்பு பலவற்றுக்குச் சொந்தமாக இந்தப் பதிவு கிடையாது. பெரிய அமைப்பு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வழிதான் இருந்தது. இரண்டாம் அலை வந்தபோது அந்த வழி மூடியிருந்தது. என் பார்வையில் அது மிகத் தவறான நேரம்.

நம் பக்கமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. நான் அப்போது ஐந்தாம் படிவம். 2020 மார்ச் 27 முதல் சிம்பாங் ரெங்கத்தில் கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராஹிம் மஜிட் இரண்டையும் அடைத்தார்கள். நாட்டிலேயே கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முதலில் வந்தது நம் குளுவாங் மாவட்டத்தில்தான். உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது, கடைகளும் கிடையாது. சாப்பாட்டுப் பொருளை அரசாங்கமே கொடுத்தது. அதே வாரக் கடைசியில், தொண்டு அமைப்புகள் நேரடியாக உணவு விநியோகிக்கக் கூடாது, சமூகநல இலாகா மூலமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆள் ஆளுக்கு வீடு வீடாகப் போனால் நோய் பரவும் என்பது நியாயமான பயம். ஆனால் இலாகா பட்டியலில் பெயர் இல்லாத வீடு, குழந்தைக்குப் பால்மாவு தீர்ந்த வீடு, இன்சுலின் முடிந்துபோன தாத்தா, இவர்களை அந்தத் தெரு ஆள்தானே அறிவார்? எதிர்ப்பு வந்து விதியைத் தளர்த்திய பிறகும், இலாகாவோடு சேர்ந்து பட்டியல் போட்டுக் கொடுக்கத் தெரிந்த சங்கங்கள்தான் ஒழுங்காக வேலை செய்ய முடிந்தது.

இன்னொரு கேள்வியும் உங்களில் பலருக்கு இருக்கும். "இங்கேயே கஷ்டம் இருக்கும்போது வெளிநாட்டுக்கு ஏன்?" 2021 மே மாதம் இந்தியாவுக்கு நாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோதே இங்கும் தொற்று ஏறியது. ஜூன் 1 முதல் முழு முடக்கம். ஜூன் கடைசியில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்ட ஆரம்பித்தார்கள். கீதை 17ஆம் அத்தியாயம் 20ஆம் சுலோகம் சாத்விகத் தானத்துக்கு இடம், காலம், பெறுபவர் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. தூரம் எவ்வளவு என்று அதில் கணக்கு இல்லை. வெள்ளைக் கொடி பக்கத்து லோரோங்கில் இருந்தால், நேரில் போய்க் கேட்க முடிகிற நாம் அதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தூரத்து ஊரில் நமக்கு நம்பகமான ஒருவர் இருந்தால் அங்கேயும் செய்யலாம். யாருமே இல்லாத ஊருக்குப் பொருள் அனுப்புவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. நாலு நாலு பேராகப் பிரிந்து, உங்கள் தாமான் அல்லது தோட்டத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள், சிறுநீரக டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், வீட்டில் மருத்துவ மெஷின் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று அவர்கள் அனுமதியோடு கேட்டு எழுதி வாருங்கள். நாளைக்கே ரோட்டை அடைத்தால் அவர்களுக்கு யார் போன் பண்ணுவார் என்ற பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கிற வீடுகளிலிருந்து கூட்டத்தை ஆரம்பிப்போம்.