மாலேவுக்குப் போகும் வெங்காயம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் காலை வெகுநேரம் நின்றிருந்தேன். வெங்காய மூட்டைகள் முதலில் தோணிக்குள் இறங்கின, பிறகு உருளைக்கிழங்கு. தக்காளிக் கூடைகளைக் காற்றுப் படும்படி கடைசியில் மேலே அடுக்கினார்கள். மாலத்தீவுக்குப் போகிற லோடு. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “அங்க மீனைத் தவிர ஒண்ணும் கிடையாதுண்ணே. நாம குடுத்தாத்தான் அவங்களுக்குச் சோறு.”

அவர் மட்டும் அப்படிச் சொல்வதில்லை, பலரும் நம்புவதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் சரியும் தவறும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

நம்பிக்கை: நாம் சும்மா கொடுக்கிறோம்.

இல்லை, அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இந்தியாவும் மாலத்தீவும் 1981இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின் கீழ் அத்தியாவசியப் பொருள்களுக்கு ஆண்டுதோறும் ஓர் ஒதுக்கீடு அறிவிக்கப்படுகிறது. உள்நாட்டில் விலை ஏறி இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தாலும், இந்த அளவு வரைக்கும் மாலத்தீவுக்கு விற்கலாம் என்பதுதான் அதன் பொருள். 2024 ஏப்ரலில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருந்தபோதே அந்த ஆண்டின் ஒதுக்கீடு வெளியானது: வெங்காயம் சுமார் 35,700 டன், அரிசி சுமார் 1,24,200 டன், கோதுமை மாவு சுமார் 1,09,100 டன், முட்டை 42 கோடியே 75 லட்சம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவையும் நாம்தான் ஊட்டுகிறோம்’ என்று சொல்கிறவர்கள் ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். 2022 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து அங்கே வாழ்கிறவர்கள் சுமார் 5,15,000 பேர். தலைக்கு ஆண்டுக்கு 240 கிலோ அரிசியும் 210 கிலோ மாவும் வருகிறது. எந்த வீட்டிலும் அப்படிச் சாப்பிட மாட்டார்கள். 2024இல் வந்துபோன இருபது லட்சம் சுற்றுலாப் பயணிகளைச் சேர்த்தாலும், அவர்கள் சில நாள் தங்குகிறவர்கள்தான்; கணக்கு இடிக்கவே செய்யும். காரணம் எளிது. ஒதுக்கீடு என்பது உச்சவரம்பு. உண்மையில் கப்பலில் ஏறியது எவ்வளவு என்பது வேறு கணக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2024 ஜனவரியில் இரு நாடுகளுக்கும் உரசல் வந்தபோது, அரிசி, மாவு, சர்க்கரையைத் துருக்கியிலிருந்தும் வாங்க மாலத்தீவு ஏற்பாடு செய்தது. ஒரே கடையை நம்பி இருக்க எந்த வீட்டுக்காரரும் விரும்ப மாட்டார்.

நம்பிக்கை: சுற்றுலா வந்த பிறகுதான் வெளிநாட்டு உணவை நம்பி வாழ ஆரம்பித்தார்கள்.

முதல் ரிசார்ட் திறந்தது 1972இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவுகளுக்கு அரிசி கப்பலில்தான் வந்தது. பவளமணலில் நெல் விளையாது. சோழியை வங்கத்துக்குக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். காய்ந்த சூரை மீனை இலங்கைக்குக் கொடுத்து வாங்கினார்கள். நம் வீடுகளில் இடித்துச் சம்பல் செய்கிற மாசி, அந்தப் பண்டமாற்றின் மிச்சம்தான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து அறுந்தபோது மாலத்தீவில் பஞ்சம் வந்தது. கடலில் மீன் அப்போதும் இருந்தது.

இப்போது மாறியிருப்பது வேறு. கப்பல் வராத நாளுக்கென்று முன்பு கைவசம் சில பொருள்கள் இருந்தன: சீமைப்பலா, சேப்பங்கிழங்கு, சிறுதானியம், தேங்காய். அரிசி, மாவு, சர்க்கரை மூன்றையும் அரசு வணிக நிறுவனம் மானிய விலையில் தருகிறது. வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் கிழங்கு தோண்டி, கழுவி, வேகவைக்கும் பாட்டை யார் படுவார்கள்? காலையில் ரொட்டியும், துருவிய தேங்காயும் வெங்காயமும் சூரையும் பிசைந்த மஸ் ஹுனியும் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தத் தட்டில் உள்ளூர்ச் சரக்கு தேங்காயும் மீனும் மட்டுமே.

நம்பிக்கை: சுற்றிலும் கடல், அதனால் பசி இருக்காது.

மீனில் அவர்கள் தன்னிறைவு பெற்றவர்கள்தான், அதுவும் பெருமைக்குரிய வழியில். வலை வீசாமல், தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கிறார்கள். அந்த மீனில் கணிசமான பங்கு உறைந்த நிலையில் வெளிநாட்டுத் தகரடப்பா ஆலைகளுக்குப் போய்விடுகிறது. மீன் விற்ற காசும் சுற்றுலாக் காசும்தான் அரிசியாகத் திரும்பி வருகின்றன.

நம்பிக்கை: அங்கே ஒன்றும் விளையாது.

தொட்டூ தீவுக்காரர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள். அந்தச் சின்னத் தீவின் தர்ப்பூசணியும் பப்பாளியும் தலைநகர் மாலேயின் சந்தையை நிறைக்கின்றன. சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. பயிருக்கென்று மோட்டார் போட்டு அதிகம் இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமியில் கடல் ஏறி வந்து பல தீவுகளின் தோட்ட மண்ணையே உப்பாக்கிவிட்டுப் போனது. ஆகவே ‘முயன்றால் எல்லாம் விளைவிக்கலாம்’ என்ற பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். காய்கறி, பழம், கிழங்கு கூடும்; நெல்லும் கோதுமையும் கூடாது. ஒட்டுமொத்த நிலமே 300 சதுர கிலோமீட்டர், அதுவும் 1,200 தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

இந்தச் சிதறல்தான் யாரும் அதிகம் பேசாத விஷயம். மாலேவில் சரக்கு இறங்கியதும் நாடு சாப்பிட்டுவிட்டதாக நினைக்கிறோம். மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ 190. வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் 800 கிலோமீட்டருக்கு மேல். நாமக்கல்லில் அட்டையில் அடுக்கிய முட்டை கடல் தாண்டி மாலே சேர்ந்த பிறகு, தெற்கே ஃபுவாமுலாவுக்கு இன்னும் சுமார் 500 கிலோமீட்டர் படகில் போக வேண்டும். ஃபுவாமுலா தனித்த தீவு, அலையைத் தடுக்கச் சுற்றிலும் வேறு தீவு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் தூத்துக்குடித் தோணிகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும் மாதங்களில் அந்தக் கடல் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஃபுவாமுலாவில் இரண்டு நன்னீர் ஏரிகள் இருக்கின்றன. சதுப்பு வயலில் முழங்கால் சேற்றில் நின்று சேப்பங்கிழங்கு பிடுங்குகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.