அலையை அசையாமல் நிறுத்தும் குமிழ்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரு வளைவைப் போலவே மற்றொன்றும் தோன்றும். இச்சாலையைப் பலமுறை வரைந்து, அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாகக் கொள்வோம். எல்லாப் படங்களும் அடிவாரத்து முதல் வளைவிலேயே தொடங்கினால் கோடுகள் பொருந்தும். ஒன்று முதல் வளைவிலும் மற்றொன்று பத்தாம் வளைவிலும் தொடங்கினால் கிறுக்கலே மிஞ்சும். ஆசிலோஸ்கோப் என்னும் கருவியிலும் இச்சிக்கல் எழுவதுண்டு.

மின்னழுத்தம் நேரத்திற்கேற்ப மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டுவது ஆசிலோஸ்கோப். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்டு பிரவுன் 1897ஆம் ஆண்டு அமைத்த கதிர்க் குழாயே இதற்கு முன்னோடி. ஒளிப்புள்ளி இடமிருந்து வலமாக ஓடிக் கோடு வரையும். பின் திரும்பி வந்து காத்திருக்கும். அலை குறித்த உயரத்தை எட்டியதும் மீண்டும் ஓடும்படி ஆணையிடுவது 'ட்ரிக்கர்'.

அலையில் ஒரே உயரமுள்ள துடிப்புகள் பல இருந்தால் என்ன ஆகும்? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அலையில் 0, 3, 4 மில்லி வினாடிகளில் மூன்று துடிப்புகள் வருகின்றன. 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை இதுவே திரும்புகிறது. முதல் துடிப்பை மட்டும் பெரிதாகக் காண விரும்பி, ஓட்ட நேரத்தை 2 மில்லி வினாடியாக வைக்கிறோம். முதல் ஓட்டம் 0-இல் தொடங்கி ஒரு துடிப்பை வரையும். அடுத்த ஓட்டமோ 3-இல் தொடங்கி இரண்டு துடிப்புகளை வரைந்துவிடும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழ, முதல் துடிப்பின் அருகே இல்லாத துடிப்பொன்று மங்கலாகத் தெரியும். பழுது பார்ப்பவர் இதை நம்பினால், நல்ல பாகத்தையே கழற்றி மாற்றிவிடக் கூடும்!

இதைத் தடுப்பதே 'ஹோல்டு ஆஃப்' குமிழ். ஓட்டம் தொடங்கியபின் குறித்த நேரம் வரை அடுத்த ஆணையை ஏற்காதபடி அது செய்யும். தொடக்கத்திலிருந்து 5 மில்லி வினாடி காத்திருக்கச் செய்தால், 3, 4 ஆகியவற்றில் வரும் துடிப்புகள் புறக்கணிக்கப்படும். அடுத்த ஓட்டம் 10-இல்தான் தொடங்கும். அலை அசையாமல் நிற்கும்.

அப்படியானால் நீண்ட நேரம் காத்திருப்பது இன்னும் நல்லதா? அன்று. 12 மில்லி வினாடி வைத்தால் அடுத்த ஓட்டம் 13-இல் தொடங்கிப் பழைய குழப்பமே திரும்பும். காத்திருப்பு முடியும் கணம், ஒரு சுற்றின் கடைசித் துடிப்புக்கும் அடுத்த சுற்றின் முதல் துடிப்புக்கும் இடைப்பட்ட இடைவெளியில் அமைய வேண்டும்.

ஆகவே, திரையில் அலை குழம்பினால் உடனே மின்சுற்றைக் குறை கூறலாகாது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்பதையே நாம் முதலில் பார்க்க வேண்டும்.