பைக்கு ஒரு மண், டிரம்முக்கு ஒரு மண்

அன்புள்ள மகளுக்கு,

நீல டிரம்களை இரண்டாக அறுத்து இருபது தொட்டி செய்து, பாதியில் குற்றி நல்லமிளகும் மீதியில் வியட்நாம் ஏர்லி பலாவும் வைக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. க்ரோபேக்குக்குச் சொல்லித் தந்த கலவையை, அதாவது மண், சகிரிச்சோறு (தென்னை நார்த்தூள்), காய்ந்த சாணி மூன்றும் சம பங்கு என்பதை, அப்படியே பெருக்கிப் போட்டால் போதுமா என்பது உன் கேள்வி. போதாது. ஏன் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

க்ரோபேக்கில் வெண்டையும் மிளகாயும் நாலைந்து மாதம் நிற்கும். அது முடிந்ததும் பையைக் கவிழ்த்து, வெயிலில் காயவிட்டு, புதுச் சாணி சேர்த்து மறுபடி நிரப்புவாய். டிரம்மில் வைக்கும் பலாவை அப்படிக் கவிழ்க்க முடியாது. ஐந்தாறு வருடம் அதே மண்ணில்தான் அது வாழ வேண்டும். சம பங்குக் கலவையில் சாணி மக்கிக் கரைந்து போகும். ஒரு வருடத்துக்குள் மண் ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அளவு குறைவது பெரிய நஷ்டமில்லை. பொடி மண் இறங்கிக் காற்றுப் புழைகளை அடைப்பதுதான் நஷ்டம். இடவப்பாதி பெய்து ஓய்ந்து ஐப்பசி மழையும் வந்துவிடும் நம் ஊரில், காற்றில்லாத மண்ணில் மிளகுக்கொடி வேரழுகலுக்கு எளிதில் ஆளாகும். வெளியில் நன்றாக இருந்த செடி சில நாட்களில் இலை தொங்கிக் கறுத்துப்போகும். பார்த்திருப்பாய்.

ஆகவே டிரம்முக்கு மண் கலக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இதில் எவ்வளவு உரம் இருக்கிறது என்பதல்ல. ஐந்து வருடம் கழித்தும் மக்காமல் எது மிஞ்சியிருக்கும் என்பதே.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை முழுக்க நனைத்துப் படுக்கையாகப் பிடி. சொட்டு நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பு. மறுபடி தண்ணீர் சொட்டும். ஆனாலும் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். தொட்டி மண்ணும் இப்படித்தான். எத்தனை துளை போட்டாலும் அடியில் கொஞ்ச உயரத்துக்கு நீர் தங்கி நிற்கும். பொடி மண்ணில் அந்த உயரம் அதிகம், பரும்படியான கலவையில் குறைவு. அடியில் கல் நிரப்பினால் நீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். கல்லடுக்கு அந்த ஈர மண்டலத்தை மேலே தூக்கி வேருக்கு இன்னும் நெருக்கமாக வைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கல்லை உடைத்து மண்ணோடு கலந்துவிடு.

இனி மண். நம் பக்கம் முழுக்க வெட்டுக்கல் மண். 1807-இல் வந்த தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மலப்புறம் பக்கம் அங்காடிப்புரத்தில் பார்த்ததை வைத்து எழுதினார். வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டதும் இறுகுவதுதான் அவரைக் கவர்ந்தது. வீட்டுமனை மட்டமாக்கும்போது லோடு கணக்கில் மலிவாகக் கிடைக்கும் சிவப்பு அடிமண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே சுபாவம்: நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து ஓடாக இறுகும். கேட்டால் சும்மாவே கொண்டுவந்து தட்டுவார்கள். வேண்டாம். உங்கள் தென்னந்தடத்தைச் சுற்றியுள்ள மேல்மண்ணை, சருகு மக்கிக் கறுத்த நாலைந்து அங்குலத்தை மட்டும் எடு. ஒரே இடத்தில் தோண்டாதே; அங்கங்கே கொஞ்சமாக எடு.

சரிவில் கை வைக்கவே கூடாது. அம்பூரியில் 2001 நவம்பர் 9 அன்று மலை இறங்கி வந்ததை உன் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் குன்றின் காலை வெட்டி டிரம் நிரப்புகிற வேலை நமக்கு எதற்கு? அதனால்தான் மண்ணின் பங்கு அதிகமில்லாத கலவையைச் சொல்கிறேன்.

சகிரிச்சோறு நமக்கு வாய்த்த பெரும் வரம். 1930-களில் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தார் தொட்டிக்கு ஒரு கலவை வகுத்தார்கள்: மண் ஏழு பங்கு, பீட் மூன்று, மணல் இரண்டு. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடம் பாசி படிந்து உண்டானது. வெட்டி எடுத்தால் நம் காலத்தில் திரும்ப வராது. இங்கே கயிறு ஆலைகளில் கதம்பல் உரித்த தூள் கழிவாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மூன்று பங்கு பீட்டின் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கழுவாமல் போடாதே. உப்புநீரில் ஊறிய தொண்டின் சோற்றில் உப்பும் கறையும் இருக்கும். சிமென்ட் தொட்டியில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சாக்கில் கட்டித் தொங்கவிடு. முதல் தண்ணீர் கட்டன்காப்பி நிறத்தில் வடியும். இரண்டாம் முறை வெளுக்கும். மூன்றாம் முறைக்குப் பிறகு ஒரு சிரட்டையில் கொஞ்சம் எடுத்துச் சிறுபயறு விதைத்துப் பார். முளைத்த இலையின் நுனி கருகாமல் பச்சையாக வந்தால் சரி. ஐந்து கிலோ கட்டி வாங்கினால், ஊறியபின் சுமார் எழுபது லிட்டர் வரும். இருபது தொட்டிக்கு எட்டு ஒன்பது கட்டி போதும். ஆலையிலிருந்து லோடாகக் கிடைத்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் மக்கவைக்கலாம்: ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட வேண்டும். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 112 பங்காக இருப்பது 24-க்கு இறங்கும்.

ரப்பர் தோட்டத்துச் சருகை யாரும் மதிப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் இலை கொட்டும்போது சாக்கு சாக்காக அள்ளி, சாணிக் கரைசல் தெளித்து ஒரு மூலையில் குவித்து வை; அடுத்த மழை முடியும்போது கறுத்துப் பொடியும். ரப்பர் மரத்தூளைப் பச்சையாகச் சேர்ப்பது ஆபத்து. மக்கும்போது அது நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும்.

மணலைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நெய்யாற்று மணலை மறந்துவிடு. ஆற்று மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தி 2001-இலேயே கேரளத்தில் சட்டம் வந்தது. வந்திருக்காவிட்டாலும் ஆறு ஆறாக இருக்கட்டும். எம் சாண்டின் பொடி புழையை அடைக்கும். பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும் இடத்தில் உடைந்த ஓடுகளைக் கேட்டுப் பார். சுத்தியலால் தட்டி நிலக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளு. சுட்ட களிமண் நீரையும் உறிஞ்சும், காற்றுக்கும் இடம் விடும், மக்கவே மக்காது. இதைவிட மலிவான நல்ல சரக்கு நம் ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஓடு போதாவிட்டால் சின்னச் சல்லியைக் கழுவிச் சேர்த்துக்கொள். உமிக்கரிக்கு நெல் அரைக்கும் மில்களைக் கேள். நாஞ்சில்நாட்டுப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை. 1956-இல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டுச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு அன்றும் இன்றும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எங்கே மலிவோ அங்கே வாங்கு.

நூறு லிட்டர் தொட்டி ஒன்றுக்கு, பத்து லிட்டர் பிடிக்கும் இரும்புச் சட்டியால் அள: மேல்மண் நான்கு, சகிரிச்சோறு மூன்று, ஓட்டுத் துண்டு இரண்டு, மக்கிய சருகும் காய்ந்த சாணியும் சேர்த்து இரண்டு, உமிக்கரி ஒன்று. பன்னிரண்டு சட்டி போட்டாலும் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து நூறு லிட்டர் அளவில்தான் நிற்கும். நம் மண் புளித்த மண். அதற்குக் குமாயம், அதாவது சுண்ணாம்பு, வேண்டும். மேல்மண்ணோடு மட்டும் நூறு கிராம் குமாயத்தைக் கலந்து, நனைத்து, இரண்டு வாரம் மூடி வை. சாணியையும் வேப்பம் பிண்ணாக்கையும் அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் போட்டால் சாணியின் நைட்ரஜன் ஆவியாகப் போய்விடும். பிண்ணாக்கு அரைக்கிலோ, எலும்புப்பொடி அரைக்கிலோ. அதற்குமேல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

தார்ப்பாய் விரித்துக் குவித்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உருட்டினால் மண்வெட்டியைவிடச் சீராகக் கலக்கும். ஈரமாக்கி ஒரு பிடி பிடித்துப் பார். உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிளந்தால் மண் அதிகம், ஓட்டுத் துண்டை இன்னும் அரைச் சட்டி கூட்டு. நிற்காமலே சிதறினால் சருகுப் பொடியைக் கூட்டு. தொட்டியில் நிரப்பியபின் ஒரு குடம் தண்ணீரை ஒரேயடியாக ஊற்று. மேலே குளமாகத் தேங்கி நின்றால் அதில் செடி வைக்காதே, கொட்டி மறுபடி கல.

டிரம் எதிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கு. ரப்பர் பால் வந்த டிரம் என்றால் உட்பக்கத்துப் படலத்தை உரித்துக் கழுவினால் போதும். மருந்து, சாயம் வந்தது வேண்டாம். அடியிலும், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே பக்கவாட்டிலும் துளை போட்டு, வெட்டுக்கல்மேல் தூக்கி வை. மொட்டை மாடியில் வைப்பதானால் சுவரை ஒட்டியோ பீமுக்கு மேலேயோதான் வைக்க வேண்டும். தனிச் செம்மண் நிரப்பி நனைந்தால் ஒரு தொட்டி 170 கிலோவைத் தாண்டும்; இந்தக் கலவை சுமார் 140 கிலோ. எடை குறைந்திருக்கிறதே தவிர, நடு மாடியில் வரிசையாக வைக்கிற அளவுக்கு இல்லை. இருபதில் பாதியையாவது முற்றத்தில் வை.

வருடத்துக்கு ஒருமுறை, இடவப்பாதிக்கு முன்னால், மேலே மூன்று விரல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய சருகும் சாணியும் போடு. மிளகுக்கு அப்போதே டிரைக்கோடெர்மா பூஞ்சை கலந்த சாணியையும் சேர்த்துக்கொள். கலவை ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் எனக்கு எழுது. எந்தச் சரக்கு எத்தனை சட்டி போட்டாய் என்று குறித்து வைத்திருந்தால் மட்டுமே நான் காரணம் சொல்ல முடியும். அதனால் முதல் தொட்டியிலிருந்தே ஒரு நோட்டு போட்டுவிடு.

அன்புடன்,
உன் மாமா