போர்க்களமும் சந்ததிப் பேறும்

மோசேயின் நியாயப்பிரமாணத்திலே, புதிதாய் மணம் புரிந்தவன் ஓராண்டு வரையில் யுத்தத்திற்குப் புறப்பட வேண்டுவதில்லை என்றொரு விதியுண்டு. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். போரானது ஒருவனது உயிரை மட்டுமன்றி அவன் இல்லறத்தையும் கவர்ந்துகொள்ளும் என்பதை அப்பழைய விதி உணர்ந்திருந்ததென நாம் கருதுகிறோம். இக்காலத்துச் சட்டங்கள் அதனை உணர நெடுநாட் சென்றன. வெளிப்படப் பேச நாணும் விஷயமாயினும், இதனைப் படிப்போருட் பலர் வாலிபராதலின், அமெரிக்கப் போர்வீரரது நிலையை முதலாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆண்மகனது விதைகள் வயிற்றினுள் இராமல் வெளியே அமைந்ததற்குக் காரணம், விந்தணு உற்பத்திக்கு உடற்சூட்டினும் இரண்டு மூன்று பாகை குறைந்த சூடு வேண்டியிருத்தலேயாம். ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதங்களாகின்றன. ஆதலால் கடுஞ்சுரத்தாலும் வெப்பத்தாலும் நேரும் குறைவு பெரும்பாலும் சில மாதங்களில் நீங்கிவிடும். வியட்நாமிற் போர்செய்து மீண்டவர்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட அமெரிக்க அரசாங்க அறிக்கை, அவர்களிடத்து விந்தணுத் தொகை குறைந்திருந்தும், பெற்ற பிள்ளைகளின் தொகை மற்ற வீரர்க்கு ஒத்தே இருந்ததெனக் கூறிற்று. ஆனால் உறுப்பே அழிந்தவன் நிலை வேறு.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பகைவர் மண்ணிற் புதைத்த வெடிகள், கால்நடையாய்க் காவல் சுற்றியவர்களைக் கீழிருந்து தாக்கின. மார்பையும் வயிற்றையும் கவசம் காத்தது. அரைக்குக் கீழே காப்பில்லை. முற்காலத்தில் இத்தகைய காயம் பட்டோர் பெரும்பாலும் அவ்விடத்திலேயே மாண்டிருப்பர். விரைந்த சிகிச்சையால் இவர்கள் பிழைத்தனர். 2001 முதல் 2013 வரை சிறுநீர் உறுப்புகளிலோ பிறப்புறுப்புகளிலோ காயமுற்ற அமெரிக்க வீரர் 1,367 பேர். அவருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் முப்பத்தைந்து வயதைக் கடவாதவர்.

2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், ஆப்கானிஸ்தானத்தில் காயமுற்ற வீரனொருவனுக்கு, இறந்தவனொருவனது ஆண்குறியும் விதைப்பையும் பதினான்கு மணி நேர சஸ்திர சிகிச்சையாற் பொருத்தப்பட்டன. விதைகளை மட்டும் வைத்தியர் வேண்டுமென்றே பொருத்தவில்லை. பொருத்தியிருப்பின், பின்னர்ப் பிறக்கும் குழந்தை இறந்தவனது வமிசமாகுமன்றோ?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் சிகிச்சையை முன்னாள் வீரர் வைத்தியத் துறை அளித்தலாகாது என 1992-இற் சட்டம் தடுத்தது. கைகால் இழந்தோர்க்குச் செயற்கை உறுப்பு நல்கிய அத்துறையே இதில் கைகட்டி நின்றது. 2016 செப்டம்பரிலே, போர்ப் பணியால் மகப்பேற்றை இழந்தவர்க்கு அது அனுமதிக்கப்பட்டது. அங்கும் ஒரு விபரீதம்: மணமானவராயிருத்தல் வேண்டும்; அணுக்களும் அத்தம்பதிகளுடையனவாகவே இருத்தல் வேண்டும். விதையிரண்டையும் இழந்தவன் தன்னணுவுக்கு எங்கே போவான்? மிகுதியாய் இழந்தவனுக்கே உதவி மறுக்கப்பட்டது. இந்நிபந்தனைகள் 2024 மார்ச்சிலேதான் நீக்கப்பட்டன.

புறப்படுமுன்னரே விந்துவைத் திரவ நைட்ரஜனிற் குளிர்த்து வைத்தல் இவையெல்லாவற்றினும் எளிது. பல்லாண்டுகள் அது கெடாது. இதற்கான செலவை ஏற்பதாக 2016 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு மந்திரி அறிவித்தார். அறிவிப்பு நடைமுறைக்கு வரவில்லை. போரின் நடுவிலிருந்த உக்ரேன் 2023-இல் வீரர்க்கு இவ்வுரிமையைச் சட்டமாக்கிற்று. எனினும் அச்சட்டத்தில், வீரன் மாண்டால் சேமித்தவற்றை அழித்துவிடல் வேண்டுமென்ற விதியும் இருந்தது. கண்டனம் எழுந்தது. 2024 பிப்ரவரியில் அவ்விதி திருத்தப்பட்டு, இறந்தபின்னும் மூன்றாண்டுகள் அவற்றை அரசின் செலவிலேயே காத்துவைத்தல் வேண்டுமென முடிவாயிற்று.